உதையாத துப்பாக்கியும் உழவன் மகனும்

காட்டுப்பன்றியை விரட்டுதற்குத் துவக்கெடுத்த விவசாயி எவருக்கும் நியூற்றனின் மூன்றாம் விதியை நாம் விளக்க வேண்டியதில்லை. முன்னே பாய்ந்த குண்டுக்கு ஈடாகப் பின்னே வந்த உதை அவர்தம் தோளிற் கன்றிக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் அவ்விதியைப் பாடமாக ஒப்புவித்த எம்போன்றோரிலும் பார்க்க, அதனை மெய்யாக அறிந்தவர் அவரே.

அந்த உதையை அடக்கிவிட்டோம் என்று முழங்கும் துப்பாக்கி இனமொன்று ருஷ்ய நாட்டில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக உண்டு. ‘சமநிலைப்படுத்திய இயக்கம்’ என்பது அதற்கு இடப்பட்ட பெயர். ஆயுத அபிமானிகள் அதனைப் பெரிதும் போற்றுகின்றனர். தகுதி அனைத்தும் இருந்தும் அதிகாரிகளின் சூழ்ச்சியால் முடிசூட்டப்படாது போன இளவரசன் அது என்பது அவர்கள் வாதம். அவ்வாதம் பிழை என்பதும், அப்பொறியைத் திரும்பத் திரும்பத் தள்ளி வைத்தவர்கள் பெரும்பாலும் சரியான தீர்ப்பையே வழங்கினர் என்பதும் எமது துணிபு. அவர்கள் தவறியது தீர்ப்பில் அன்று. வழக்கை வரைந்த விதத்திலேயே அவர்கள் தவறினர்.

சட்டம் படித்தவர்களுக்கு இஃது ஏன் என்று சிலர் கேட்கலாம். 1947இல் வரையப்பட்டு 1949இற் சோவியத் படை ஏற்றுக்கொண்ட கலாஷ்னிக்கோவ் துப்பாக்கி, அந்த நாட்டின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. சீனம் அதனைப் படியெடுத்து ‘ரி 56’ என்று பெயரிட்டது. எமது நாட்டை 2009 வரை அலைக்கழித்த போரில் இரு தரப்பார் கையிலும் இருந்தது அதுவே. அதன் ஒலியைக் கேளாது வளர்ந்தவர் எம் வாசகரிற் சிலரே. தூரத்து நகரொன்றின் வரைபடப் பலகையில் முடிவாகும் சங்கதி எந்த ஊரின் வேலிக்குட் போய் முடியும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய வழக்கன்று.

முதலிற் சங்கதியை விளங்கிக்கொள்வோம். தானியங்கித் துப்பாக்கி ஒரு வேட்டுக்கு ஒரு முறை உதைப்பதில்லை. தோட்டா வெடித்துக் குண்டு குழலால் வெளியேறும் கணத்தில் துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. இது முதலாவது உதை. குண்டைத் துரத்தி வரும் வாயுவில் ஒரு சிறு பகுதி குழலின் மேலுள்ள துளையால் ஏறி, தொழிலாளர் பிஸ்ரன் என்று வழங்கும் முசலத்தைத் தள்ளுகிறது. முசலத்தோடு பிணைந்த பூட்டுத்தொகுதி பின்னே ஓடி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, பின்சுவரில் மோதுகிறது. இது இரண்டாவது. பின்னர் சுருள்வில் அதனை முன்னே தள்ள, அது புதுத் தோட்டாவைக் குழலினுட் செலுத்திக்கொண்டே முன்பக்கத்தில் வந்து மோதுகிறது. இது மூன்றாவது, இம்முறை எதிர்த்திசையில். கலாஷ்னிக்கோவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 வேட்டுத் தீர்க்கும் கதியில் ஓடுவது. அஃதாவது, இத்தனையும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிந்து, அடுத்த பத்தில் ஒரு பங்கில் மீண்டும் தொடங்குகிறது. அத்துடன், குழல் மேலேயும் தோளிற் பிடங்கு முட்டும் இடம் சற்றுக் கீழேயும் இருப்பதால், ஒவ்வோர் உதையும் குழல்வாயை மேலே எழுப்புகிறது. தொடர்வேட்டில் முதற்குண்டு குறியை நோக்கிப் போகும். மூன்றாவது எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது.

தோட்டத்தில் ஒற்றைச் சிலிண்டர் நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். கட்டாது விட்டால் அந்த இயந்திரம் தானாகவே வரப்பில் நடை பயிலும். உள்ளே ஒரு பாரம் முன்னும் பின்னும் ஓடுவதே காரணம். அதற்கு மாற்று, அதே பாரமுள்ள மற்றொன்றை அதே கணத்தில் எதிர்த்திசையில் ஓடவிடுவது. துலா மிதித்த எமது மூத்தோர் இந்த நியாயத்தைக் காலால் அறிந்தவர்கள். பட்டை மேலெழும்போது மிதிப்பவர் துலாவிலே பின்னோக்கி நடந்து பாரத்துக்குப் பாரம் ஈடு செய்தார்.

சமநிலைத் துப்பாக்கி செய்வதும் அதுவே. பூட்டுத்தொகுதிக்கு ஈடான இரும்புத் துண்டொன்று மேலே அமைக்கப்படுகிறது. அதற்கும் ஒரு முசலம் உண்டு. வாயு இரு முசலங்களையும் எதிரெதிராகத் தள்ளுகிறது. பூட்டு பின்னே ஓடும்போது எதிர்ப்பாரம் முன்னே ஓடுகிறது. இரண்டும் ஒரு பற்சில்லினாற் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று முந்தவோ மற்றொன்று பிந்தவோ முடியாது. பூட்டு பின்சுவரில் மோதும் அதே கணத்தில் எதிர்ப்பாரம் முன்சுவரில் மோதுகிறது. இரு மோதலும் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. திரும்பும்போதும் அவ்வாறே. மேலே சொன்ன மூன்று உதைகளில் இரண்டு போய்விட்டன.

அழகிய கற்பனை. இதனைக் கண்டவர்களின் மதிநுட்பத்தை நாம் மனமார மெச்சுகிறோம். ஆயினும் மெச்சிய கையோடு ஒன்றைப் பதிவு செய்தல் வேண்டும். முதலாவது உதையை, அஃதாவது குண்டும் வாயுவும் தருகின்ற உதையை, இப்பொறி தொடுவதேயில்லை. நியூற்றனுக்கு எதிராக மேன்முறையீடு கிடையாது.

இனி வழக்கின் வரலாறு. 1960ஆம் ஆண்டுகளில், மொஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள கிளிமொவ்ஸ்க் நகரின் ஆராய்ச்சி நிலையத்தில், திக்காச்சொவ் என்னும் வடிவமைப்பாளர் ‘ஏ.ஓ. 38’ என்ற மாதிரியில் இவ்வியக்கத்தை அமைத்துக் காட்டினார். 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இஷெவ்ஸ்க் தொழிற்சாலையில் யூரி அலெக்சாந்திரொவ் ‘ஏ.எல். 7’ என்பதைச் செய்தார். கொவ்ரொவ் நகரில் கொன்ஸ்தாந்தினொவ் ‘எஸ்.ஏ. 006’ என்பதைச் செய்து, அக்காலத்துச் சோதனையிற் கலாஷ்னிக்கோவின் புது மாதிரியோடு பொருதினார். தொடர்வேட்டிற் கொவ்ரொவ் துப்பாக்கி சிறந்து நின்றது. எனினும் 1974இற் படை ஏற்றது கலாஷ்னிக்கோவையே. தொழிற்சாலையும் வீரனும் முன்னரே அறிந்த எளிய பொறி, அறியாத நுண்பொறியை வென்றது.

இதனைச் சூழ்ச்சி என்று அபிமானிகள் சொல்வர். கணக்கைப் பார்ப்போம். பழைய கலாஷ்னிக்கோவின் 7.62 மில்லிமீற்றர்க் குண்டு ஏறத்தாழ 8 கிராம். வேகம் நொடிக்கு 700 மீற்றருக்குச் சற்று மேல். 1974இல் வந்த 5.45 மில்லிமீற்றர்க் குண்டு ஏறத்தாழ மூன்றரைக் கிராம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 900 மீற்றர். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள். குண்டினால் வரும் உந்தம் முன்னையதிற் பாதியளவாகிவிட்டது. அதனோடு, குழல்வாயிற் பொருத்திய ஒரு சிறு இரும்புக் குப்பி வெளியேறும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, எஞ்சிய உதையிலும் பெரும் பகுதியைத் தின்றது. ஓடும் உறுப்பு ஒன்று தானும் அக்குப்பியில் இல்லை. உடையவும் சிக்கவும் அதில் எதுவுமில்லை. தோட்டாவைச் சிறிதாக்கியதும் குழல்வாயில் ஒரு குப்பியை மாட்டியதும் ஆகிய இரண்டும், பற்சில்லு செய்ய வந்த வேலையிற் பெரும் பங்கை, பற்சில்லு இல்லாமலே செய்து முடித்தன. எஞ்சியதற்காக இரண்டாவது முசலமும், எதிர்ப்பாரமும், பற்களும் சேர்ப்பது தகுமா என்பதே நடுவர் முன்னிருந்த கேள்வி. தகாது என்றனர். அது சூழ்ச்சியன்று, கணக்கு.

ஆனால் அத்துடன் அரசு அமைந்ததா? இல்லை. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ‘அபக்கான்’ என்னும் பெயரிற் பெரும் போட்டியொன்றைத் திறந்தது. அப்போதுதான் படைக்குள் புகுந்திருந்த ஏ.கே. 74இலும் மிகச் செவ்விய தொடர்வேட்டு வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்தெச்சுக்கின் போன்ற பேர்பெற்ற வடிவமைப்பாளர்கள் களமிறங்கினர். கொவ்ரொவ் நகரிலிருந்து கொக்ஷாரொவ் சமநிலை இயக்கத்தோடு ‘ஏ.ஈ.கே. 971’ என்பதைக் கொணர்ந்தார். இஷெவ்ஸ்கிலிருந்து கென்னாதி நிக்கொனொவ் வேறொரு வழியைக் கொணர்ந்தார். உதையை அழிப்பதற்குப் பதிலாக அதனைத் தவணை போடுவது அவர் வழி. குழலும் பூட்டும் சேர்ந்த முழுத் தொகுதியும் வெளிக்கூட்டினுள்ளே பின்னோக்கி வழுகும். அது பின்னெல்லையை முட்டுமுன் இரண்டாவது குண்டும் வெளியேறிவிடும். நிமிடத்துக்கு 1,800 வேட்டு என்ற கதியில் இரு குண்டுகள். தோள் உதையை உணர்வது அதன் பின்னரே. அந்தக் கதியில் தோட்டாவை ஊட்டுவதற்குத் துப்பாக்கிக்குள்ளே கம்பிவடமும் கப்பியும் வைத்தார். கிணற்றடியிற் கப்பியை வைக்கலாம். சேற்றிற் புரளும் படைக்கலத்தினுள் வைக்கலாமா என்று கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை.

போட்டியில் வென்றது நிக்கொனொவின் துப்பாக்கி. ‘ஏ.என். 94’ எனப் பெயரிட்டனர். இங்கேதான் அபிமானிகளோடு நாம் ஓரளவு உடன்படுகிறோம். இரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, கொவ்ரொவ் துப்பாக்கி 3.3 கிலோ, வென்றதோ 3.85 கிலோ. கொவ்ரொவ் துப்பாக்கி எந்த நீளத் தொடர்வேட்டிலும் அமைதியாக நிற்கும். வென்றதன் வித்தை இரண்டு குண்டோடு முடிந்துவிடும். அதன்பின் அதுவும் நிமிடத்துக்கு 600 என்ற பழைய கதியில் ஓடும் சாதாரணத் துப்பாக்கியே. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டுமென்றால் நாமும் கொக்ஷாரொவின் பக்கமே கைதூக்கியிருப்போம்.

ஆனால் தேர்ந்தேயாக வேண்டும் என்று யார் சொன்னது? அபக்கான் போட்டியின் குறைபாடு இதுவே. நீதிமன்றில் எழுவினாவைத் தவறாக வரைந்துவிட்டால், அதன்பின் எத்துணை நேர்மையான சாட்சியமும் எத்துணை நுணுக்கமான தீர்ப்பும் நீதியைத் தாரா. ‘தொடர்வேட்டிற் சிறந்தது எது?’ என்பது அங்கு வரையப்பட்ட வினா. ‘படைவீரன் தொடர்வேட்டு எப்போது தீர்க்கிறான்? அவனது குண்டு தவறுவதற்குத் துப்பாக்கியின் உதை காரணமா, அவன் நெஞ்சின் துடிப்பு காரணமா?’ என்பது வரையப்பட்டிருக்க வேண்டிய வினா.

அக்கரையிலிருந்தவர்களும் இதே பிழையைச் செய்தனர் என்பதையும் சொல்லிவிடுவோம். இல்லையேல் ஒரு நாட்டின்மீது மட்டும் பழி சுமத்தியவர்களாவோம். 1986 தொடக்கம் 1990 வரை அமெரிக்கத் தரைப்படை இத்தகைய தேட்டமொன்றை நடத்தியது. நடைமுறையிலிருந்த எம் 16 துப்பாக்கியின் இலக்குத்தன்மையை இருமடங்காக்குவது நோக்கம். ஒரு கம்பனி ஊசிபோன்ற அம்புகளைக் கொணர்ந்தது; இன்னொன்று ஒரே தோட்டாவில் இரு குண்டுகளை அடைத்தது; ஜேர்மானியர் கோதே இல்லாத தோட்டாவையும், நிக்கொனொவைப் போல உதையைத் தவணை போடும் பொறியையும் கொணர்ந்தனர். ஏறத்தாழ 30 கோடி டொலர் கரைந்தது. நோக்கத்தை எவரும் எட்டவில்லை. பழைய துப்பாக்கியே படையின் கையில் நின்றது. மேடையில் வைத்து அளந்தால் எல்லாம் சிறந்தவையே. அஞ்சி ஓடி, மூச்சிரைத்து, நிலத்தில் வீழ்ந்து கிடக்கும் மனிதன் கையில் அந்தச் சிறப்பெல்லாம் அவனுடைய நடுக்கத்தில் மறைந்துபோயின.

அந்த மனிதன் யார்? வடிவமைப்பாளரின் வரைபடத்தில் அவன் வெறும் ஒரு தோள். மெய்யில் அவன் ஓர் உழவனின் மகன், அல்லது ஆலைத் தொழிலாளியின் மகன். 1967ஆம் ஆண்டுச் சோவியத் சட்டத்தின்படி பதினெட்டு வயதில் அழைக்கப்பட்டுத் தரைப்படையில் இரண்டாண்டு ஊழியம் செய்யக் கட்டுப்பட்டவன். 2008 தொடக்கம் ருஷ்யாவில் அந்தத் தவணை ஓராண்டு. ஓராண்டில் அவன் அணிநடை பயில வேண்டும், பதுங்குகுழி வெட்ட வேண்டும், துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டும். இருளில், குளிரில், விரல் மரத்த நிலையிலும் பூட்ட வேண்டும். கலாஷ்னிக்கோவின் புகழுக்குக் காரணம் அது சிறப்பாகச் சுட்டது என்பதன்று. அவசரத்திற் பிழையாகப் பூட்டுவது அரிது என்பதே. பற்சில்லு என்றால், பற்கள் உரிய இடத்தில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒவ்வோர் உதிரியும் ஒரு பாடம்; ஒவ்வொரு பாடமும் அந்த ஓராண்டில் ஒரு மணித்தியாலம். உதை குறைந்த துப்பாக்கி அவன் தோளுக்கு இரங்குகிறது, உண்மை. அவன் நேரத்துக்கும் அவன் மறதிக்கும் அது இரங்குவதில்லை.

‘சமநிலை’ என்ற சொல்லையும் இவ்விடத்திற் சற்று நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம். அரசியலிற் பெரிதும் ஏமாற்றம் தந்த சொல் அது. பொறியியலிலாவது நேர்மையாக இருக்குமென எண்ணினோம். இங்கே சமநிலை எவருக்கு? பிடங்குக்குப் பின்னே நிற்பவனுக்கு. குழலுக்கு முன்னே நிற்பவனுக்கு நேர்வது மறுதலை. உதை அடங்க அடங்கக் குண்டுகள் நெருங்கி விழும்; நெருங்கி விழும் குண்டுகள் முன்னே நிற்பவன் தப்பும் வாய்ப்பைக் குறுக்கும். விற்பனைக்காரர் இக்கருவிகளைப் பேசும்போது ‘மென்மை’, ‘சுகம்’, ‘அமைதி’ என்றெல்லாம் அடைமொழி இடுகின்றனர். மெத்தைக்கு இடும் அடைமொழிகள் இவை. எதன் கொலைத்திறனைக் கூட்டுவதற்காகச் செய்யப்பட்டதோ அதனை அவ்வாறே சொல்லி விற்பதே முறை. துப்பாக்கி செய்வதே பாவம் என்று நாம் இங்கு வாதிடவில்லை. எல்லையுடைய அரசு எதுவும் அதைச் செய்தோ வாங்கியோதான் ஆகிறது. மக்களின் பணத்திற் செய்வதை மக்களின் மொழியிற் சொல்லிச் செய்க என்பதே எமது வேண்டுகோள்.

அந்தப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அபக்கான் போட்டி நடந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். ஆப்கானிஸ்தானப் போர், எண்ணெய் விலை வீழ்ச்சி, கடைகளில் வெற்றுத் தட்டுகள், ஈற்றில் 1991இற் சோவியத் ஒன்றியமே இல்லாதொழிந்தமை. போட்டியைத் திறந்த அரசு ஒன்று; பரிசை வழங்கிய அரசு வேறொன்று. பரிசு வழங்கிய அரசிடம் பரிசுப் பொருளைப் பெருந்தொகையாய்ச் செய்விக்கப் பணமில்லை. ஏ.என். 94 சிறு தொகையிற் செய்யப்பட்டு ஒரு சில அணிகளோடு நின்றது. தம் படைப்பு ஏ.கே. 74ஐ இடம்பெயர்க்கும் என்று நம்பிய நிக்கொனொவ், அது நிகழாமலே 2003இற் காலமானார். தோற்றுப்போன கொவ்ரொவ் துப்பாக்கி உள்நாட்டமைச்சின் சில அணிகளுக்காகச் சிறு அளவிற் செய்யப்பட்டு, 2006இல் அந்தத் தொழிற்சாலையின் ஆயுத வேலை அதே நகரிலுள்ள தெக்தியாரெவ் தொழிற்சாலைக்கு மாறியபோது அங்கு போய்ச் சேர்ந்தது. மக்களிடம் இக்கணக்கு எந்தப் பாராளுமன்றத்திலும் வைத்து விவாதிக்கப்படவில்லை. ஒற்றைக் கட்சி ஆட்சியில் அப்படி ஒரு பாராளுமன்றம் இருக்கவுமில்லை.

அலெக்சாந்திரொவின் ஏ.எல். 7 என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: அது 1990ஆம் ஆண்டுகளில் ‘ஏ.கே. 107’ என்ற பெயரில் மீண்டெழுந்து, எந்தப் படையாலும் பெருந்தொகையாகக் கொள்ளப்படாது, பின்னர் விளையாட்டுச் சூட்டுப் போட்டியாளருக்கான சந்தையில் இடம்பிடித்தது. அது பொருத்தமான இடமென்றே கருதுகிறோம். அங்கே வேகமாகச் சுடவேண்டும். இலக்கு திருப்பிச் சுடாது. துப்பாக்கியைத் துடைப்பதற்கு முழு மாலையும் உண்டு. விலையை வாங்குபவரே தம் பணப்பையிலிருந்து கொடுக்கிறார்.

இப்பொழுது படை எங்கே நிற்கிறது? 2010ஆம் ஆண்டுகளில் ருஷ்யா தன் வீரரின் உடை, கவசம், படைக்கலம் யாவற்றையும் புதுப்பிக்க முனைந்தபோது, பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. ஒரு பக்கம் கலாஷ்னிக்கோவ் மரபில் வந்த ‘ஏ.கே. 12’. மறுபக்கம் கொக்ஷாரொவின் துப்பாக்கியின் வழித்தோன்றலான ‘ஏ 545’, அதே எதிர்ப்பாரம், அதே பற்சில்லோடு. 2018இல் இரண்டும் ஏற்கப்பட்டன. நெடிய பயிற்சி பெற்ற விசேட அணிகளுக்கு ஏ 545. ஏனைய பெரும்படைக்கு ஏ.கே. 12. இந்தப் பிரிவினையை நாம் குறைசொல்ல மாட்டோம். நுண்பொறியைப் பேண நேரமுள்ளவனிடம் நுண்பொறி. இல்லாதவனிடம் எளிய பொறி. அறுபதுகளிலேயே எட்டியிருக்கக்கூடிய தீர்ப்பு அது.

ஆனாலும் பழைய ஆசை எளிதிற் சாகவில்லை. பெரும்படைக்கென வந்த ஏ.கே. 12இலும், விசையை ஒருமுறை இழுத்தால் இரு குண்டு பாயும் ஏற்பாடொன்றை வைத்தே அனுப்பினர். அபக்கானின் ஆவி அதில் எஞ்சியிருந்தது. 2022இல் உக்கிரேனியப் போர் தொடங்கி, துப்பாக்கி மேடையை விட்டுச் சேற்றுக்குட் சென்றது. 2023இல் வெளிவந்த திருத்திய மாதிரியில் அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டார்கள். தனிவேட்டு, தொடர்வேட்டு என்ற இரண்டு நிலைகளே அதில் உள்ளன. 1949இல் இருந்ததும் அவ்விரண்டே.